‘தீர்வு காணப்பட்டது’: ஒரு பள்ளி வாசலும் இரண்டு புகார் மனுக்களும்

இது சற்று நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை முடிக்க வேண்டிய வாரத்தில் ஒரு வேகத்தடையைப் பற்றி எழுதிக்கொண்டிருக்கிறேன். இது வீண்வேலை அன்று என்பதை என் நெறியாளருக்கும் சேர்த்தே விளக்க வேண்டியிருக்கிறது.

ஆய்வின் நிமித்தம் ஐந்தாண்டுகளாகத் தக்காணத்து நகரமொன்றில் வசித்துவருகிறேன். நகரின் பெயரையும் பள்ளியின் பெயரையும் இங்குக் குறிப்பிடப்போவதில்லை. இந்தியாவின் எந்த நகரத்தின் பெயரை இட்டு நிரப்பினாலும் இக்கதை பெரிதும் மாறாது. என் அறைக்குக் கீழ்த்தளத்தில் குடியிருக்கும் பெரியவர் ரயில்வேயின் சிக்னல் பிரிவில் பணியாற்றி ஓய்வுபெற்றவர். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நாற்பதாண்டுகளுக்கு முன் பணி மாறுதலில் வந்தவர் இங்கேயே தங்கிவிட்டார். நான் அவரை ‘ஐயா’ என்று அழைப்பேன். அவருக்கு நான் ‘தம்பி’.

எங்கள் தெரு பெருஞ்சாலையைத் தொடும் இடத்தில் ஒரு நடுநிலைப் பள்ளி இருக்கிறது. அதன் வாசல் நேரே சாலையில் திறக்கிறது. நடைபாதை என்று ஒன்று இருந்த இடத்தில் இப்போது மின்மாற்றியும் நிறுத்தப்பட்ட வண்டிகளும் உள்ளன. பிள்ளைகளுள் பெரும்பாலோர் நடந்து வருபவர்கள். வேனில் வருமளவுக்கு வசதியுள்ள குடும்பங்கள் தம் பிள்ளைகளை வேறு பள்ளிகளுக்கு அனுப்புகின்றன.

கடந்த ஜூன் மாதம் பள்ளி திறந்த வாரத்தில் ஐயா ஒரு மனு அளித்தார். அதில் கேட்டவை மூன்றே: வாசலருகே நடைபாதையை மீட்டுத் தர வேண்டும், பிள்ளைகள் சாலையைக் கடக்க முறையான கடப்பிடம் வேண்டும், பள்ளி தொடங்கும், முடியும் வேளைகளில் வாகன வேகம் குறைக்கப்பட வேண்டும். ஒரு மாதத்திற்குப் பின் பதில் வந்தது: ‘மேற்படி இடத்தில் விபத்து ஏதும் பதிவாகவில்லை. எனவே தற்போது நடவடிக்கை தேவைப்படவில்லை.’

ஆகஸ்டில் ஒரு காலை நேரம், தெருமுனையில் துணி தேய்க்கும் வண்டி வைத்திருக்கும் அம்மாவின் மகள், நான்காம் வகுப்பில் படிப்பவள், பள்ளி வாசலுக்கு எதிரே இருசக்கர வாகனத்தில் அடிபட்டாள். கால் எலும்பு முறிந்தது. ஓட்டி வந்த இளைஞர் நல்லவர், ஓடிப்போய்விடவில்லை. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுசென்று செலவையும் ஏற்றுக்கொண்டார். வழக்கு வேண்டாம் என்று இரு தரப்பும் பேசி முடித்தன. காவல் நிலையத்துக்கு அலைந்தால் அந்த அம்மாவுக்கு அன்றைய கூலி போய்விடும். அவர் முடிவைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் முதல் தகவல் அறிக்கை இல்லாமற்போனதால் அரசின் ஏட்டில் அந்த விபத்தும் இல்லாமற்போயிற்று.

உள்ளூர்ப் பத்திரிகையொன்றில் கட்டுப்போட்ட காலோடு சிறுமியின் படம் வந்த சில நாட்களில், ஓரிரவில், பள்ளிக்கு இருபுறமும் இரண்டு வேகத்தடைகள் முளைத்தன. தாரைக் குவித்துத் தட்டிய மேடுகள் அவை. வண்ணம் பூசவில்லை, முன்னறிவிப்புப் பலகை இல்லை. வாகனங்களைக் கட்டுப்படுத்த வைத்த இரும்புத் தடுப்புகள், பிள்ளைகள் ஒதுங்கி நடப்பதற்கு எஞ்சியிருந்த ஓரத்தின் மேலேயே நின்றன. வெள்ளைக் கோடுகள் வரையப்பட்டன. அவற்றின் வழியே சாலையைக் கடக்கும் குழந்தை மறுபுறம் திறந்த வடிகாலின் விளிம்பில் போய் நிற்கும்.

செப்டம்பர் மழையில் ஓரிரவு, ஸ்கூட்டரில் பின்னால் அமர்ந்து வந்த பெண்ணொருவர் அந்த மேட்டில் தூக்கியெறியப்பட்டுத் தோள்பட்டை நொறுங்கியது. மறுநாளே ஐயா இரண்டாவது மனுவை எழுதினார்: ‘பாதுகாப்புக்கென்று செய்யப்பட்டதே ஆபத்தாக இருக்கிறது, தரநிலைப்படி மாற்றியமைக்கவும்.’ பதினொரு நாட்களில் கைப்பேசிக்குக் குறுஞ்செய்தி வந்தது: ‘உங்கள் புகாருக்குத் தீர்வு காணப்பட்டது.’ சாலையில் எதுவும் மாறியிருக்கவில்லை.

நேரில் சென்று கேட்டபோது கிடைத்த பதில் என்னைச் சிந்திக்க வைத்தது. ‘முதலில் வேகத்தடை வேண்டும் என்றீர்கள். போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்கிறீர்கள். உங்களுக்கு என்னதான் வேண்டும்?’ இத்தனைக்கும் ஐயா எந்த மனுவிலும் வேகத்தடை கேட்கவில்லை. அவர் கேட்டது வேகக் குறைப்பு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தொலைவுதான் நம் நாட்டுச் சாலைப் பாதுகாப்பின் அடிப்படைச் சிக்கல் என்று இப்போது கருதுகிறேன். நாம் கேட்பது ஒரு விளைவை; நமக்குத் தரப்படுவது ஒரு பொருள். பொருளை வைத்தாயிற்று, படம் எடுத்தாயிற்று, கோப்பை மூடியாயிற்று. விளைவை அளந்து பார்க்கும் கடமை எவருடைய மேசையிலும் இல்லை.

விளைவு என்பதை எண்களில் சொல்லிப் பார்க்கலாம். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு பிரேக்கை இயக்க ஒரு நொடி ஆகிறதென்று கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செல்லும் வாகனம் அந்த ஒரு நொடியில் 8 மீட்டருக்குச் சற்று மேல் நகர்ந்திருக்கும்; உலர்ந்த சாலையில் நல்ல பிரேக் இருந்தால் மேலும் 5 மீட்டரில் நின்றுவிடும். மொத்தம் 13 மீட்டர் சொச்சம். 50 கி.மீ. வேகத்தில் வரும் வாகனமோ அந்த ஒரு நொடியிலேயே ஏறத்தாழ 14 மீட்டர் நகர்ந்துவிடுகிறது. முதல் வாகனம் முற்றாக நின்றுவிட்ட புள்ளியில் இரண்டாவது வாகனம் இன்னும் பிரேக்கைத் தொட்டிருக்கவே இல்லை. அந்தப் புள்ளியில் ஒரு குழந்தை நின்றால், ஒருவருக்கு அது நெஞ்சு படபடத்த நிகழ்ச்சி. மற்றவருக்கு முழு வேகத்தில் மோதல்.

குழந்தைகளும் பாதசாரிகளும் வாகனங்களோடு கலக்குமிடங்களில் 30 கி.மீ. வேக உச்சவரம்பு வேண்டுமென்று 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியதற்குப் பின்னாலுள்ள கணக்கு இதுதான். நம் நாட்டில் 2018ஆம் ஆண்டு ஒன்றிய அரசு வெளியிட்ட அறிவிக்கைப்படி நகராட்சி எல்லைக்குட்பட்ட சாலைகளில் கார்களுக்கான உச்ச வேகம் 70 கி.மீ. மாநில அரசுகள் இதைக் குறைக்கலாம். பல இடங்களில் குறைத்தும் உள்ளன. ஆனால் குறைத்து, பலகை நட்டு, நடைமுறைப்படுத்தாத இடத்தில், பள்ளி வாசலை 50 கி.மீ. வேகத்தில் கடப்பவர் தாம் தவறு செய்வதாகவே உணர்வதில்லை.

‘நேரம் வீணாகுமே’ என்பது அடுத்து வரும் மறுப்பு. பள்ளியை ஒட்டிய 200 மீட்டரை 50 கி.மீ. வேகத்தில் கடக்க 14 நொடிகளுக்குச் சற்று மேல் ஆகும். 30 கி.மீ. வேகத்தில் 24 நொடிகள். வேறுபாடு பத்து நொடிகூட இல்லை.

இனி ‘விபத்து பதிவாகவில்லை’ என்ற வாதத்துக்கு வருவோம். ஆய்வாளர்களாகிய நாம் கவலைப்பட வேண்டிய வாக்கியம் இது. தேசிய நெடுஞ்சாலைகளில் ‘விபத்துக் கரும்புள்ளி’யை அடையாளம் காண ஒன்றிய அமைச்சகம் வகுத்த வரையறை இவ்வாறு அமைகிறது: ஏறத்தாழ 500 மீட்டர் நீளத்துக்குள் மூன்றாண்டுகளில் உயிரிழப்போ கொடுங்காயமோ விளைந்த ஐந்து விபத்துகள், அல்லது பத்து உயிரிழப்புகள். நெடுஞ்சாலையில் நிதியை எங்கே முதலில் செலவிடுவது என்று தீர்மானிக்க இப்படியொரு அளவுகோல் தேவைப்படலாம். அதே மனப்பாங்கு பள்ளி வாசலுக்கு வரும்போது, பிள்ளைகளின் உடல்களே சான்றாவணமாகிவிடுகின்றன. போதிய சான்று சேரும்வரை சாலை குற்றமற்றது.

விபத்து இல்லாமை பாதுகாப்பின் அடையாளம்தானா? மேயர் ஹில்மேனும் ஜான் ஆடம்ஸும் ஜான் வைட்லெக்கும் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்று இக்கேள்வியைத்தான் எழுப்பியது. இங்கிலாந்தில் 1971இல் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளுள் 80 விழுக்காட்டினர் பெரியவர் துணையின்றிப் பள்ளிக்குச் சென்றனர். 1990இல் அந்த விழுக்காடு 9 ஆகச் சுருங்கியிருந்தது. சாலையில் குழந்தைகளின் இறப்பு விகிதம் குறைந்ததை அரசு தன் வெற்றியாகக் கொண்டாடியது. அந்த ஆய்வாளர்களோ, சாலைகள் பாதுகாப்பாகிவிடவில்லை, அஞ்சிய பெற்றோர் குழந்தைகளைச் சாலையிலிருந்து அகற்றிவிட்டனர் என்று காட்டினர். எங்கள் பள்ளி வாசலில் ஒவ்வொரு காலையும் நடப்பதும் அதுவே. தாய்மார்களும் பாட்டிமார்களும் கையை நீட்டி வண்டிகளை மறித்துப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு ஓடுகிறார்கள். அவர்களுடைய அச்சமும் உழைப்பும் சேர்ந்துதான் அந்த ஏட்டில் சுழியம் என்ற எண்ணை எழுதுகின்றன. அந்த எண்ணையே எடுத்துக் காட்டி அவர்களுடைய மனு நிராகரிக்கப்படுகிறது.

நவம்பரில் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் ஐயா இரண்டு கேள்விகள் கேட்டார். வேகத்தடைகள் எந்த வரைபடத்தின்படி அமைக்கப்பட்டன? மூன்றாண்டுகளில் அங்கு நேர்ந்த விபத்துகள் எத்தனை? முதல் கேள்விக்கு ‘அத்தகைய ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை’, இரண்டாவதற்கு ‘இல்லை’. எலும்பு முறிந்த சிறுமியும் தோள் நொறுங்கிய பெண்ணும் அந்த இரண்டாவது ‘இல்லை’க்குள் இருக்கிறார்கள்.

வரைபடம் இல்லையே தவிர, வழிகாட்டும் நெறிகளுக்குக் குறைவில்லை. வேகத்தடைகளுக்கென்றே இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் ஐ.ஆர்.சி. 99 என்ற நெறிமுறையை வெளியிட்டது. 2018இல் அதைத் திருத்தி விரிவாக்கியது. 1988ஆம் ஆண்டு நெறிமுறையின்படியே, வளைவு வடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் நடுவே 10 செ.மீ. உயரமும் கொண்டு, வாகனம் ஏறத்தாழ 25 கி.மீ. வேகத்தில் குலுங்காமல் கடக்கும்படி இருக்க வேண்டும். இரவிலும் தெரியும்படி வண்ணப் பட்டைகள் வேண்டும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகை வேண்டும். பாதசாரிகளுக்கான ஐ.ஆர்.சி. 103 நெறிமுறை, குடியிருப்புப் பகுதி நடைபாதையில் தடையின்றி நடக்கக் குறைந்தது 1.8 மீட்டர் அகலம் கேட்கிறது. இவையெல்லாம் நம் பொறியாளர்களே கூடி எழுதியவை. வெளிநாட்டு இலட்சியங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது.

சட்டமும் இருக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தால் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 198ஏ பிரிவு, சாலை வடிவமைப்பு, கட்டுமானம், பராமரிப்பு ஆகியவற்றில் தரநிலையைப் பின்பற்றாததால் உயிரிழப்போ ஊனமோ நேர்ந்தால், பொறுப்புள்ள அமைப்புக்கோ ஒப்பந்ததாரருக்கோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கிறது. அதே திருத்தம் சேர்த்த 199ஏ பிரிவின்படி, சிறார் வாகனம் ஓட்டிக் குற்றம் புரிந்தால் பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. பெற்றோரின் பொறுப்பை நான் மறுக்கவில்லை. ஆயினும் இவ்விரு பிரிவுகளையும் அடுத்தடுத்து வாசிக்கும்போது, தவறு எங்கே இருக்கும் என்று சட்டம் முன்கூட்டியே நம்புகிறது என்பது புலப்படுகிறது. மேலும் 198ஏ விழித்துக்கொள்வதற்கும் ஓர் உயிரோ உறுப்போ போயாக வேண்டும்.

கோவையின் எலும்புமுறிவு மருத்துவர் எஸ். ராஜசேகரன் 2012இல் தொடுத்த பொதுநல வழக்கை இங்கே நினைவுகூர வேண்டும். முறிந்த எலும்புகளைச் சேர்த்துக் கட்டுவதோடு நில்லாமல், அவை ஏன் முறிகின்றன என்று ஒரு மருத்துவர் நீதிமன்றத்தில் கேட்டதன் விளைவாகத்தான், 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் உச்ச நீதிமன்றத்தின் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. அவ்வழக்கின் தொடர்ச்சியில், 2025 மே மாதம், தடையற்ற நடைபாதைக்கான உரிமை அரசமைப்பின் 21ஆம் பிரிவு உறுதிசெய்யும் வாழ்வுரிமையின் பகுதி என்று நீதிமன்றம் கூறியது. ஆக, எங்கள் ஐயாவின் முதல் கோரிக்கை சலுகைக்கான விண்ணப்பம் அன்று.

துறை நண்பர்களிடம் இதைப் பேசும்போது அடிக்கடி கேட்கும் ஒன்று: ‘நம் மக்களுக்கு ஒழுங்கு இல்லை; சாலையை மாற்றி என்ன பயன்?’ இதற்கு ஐயா சொன்ன பதிலைவிட நல்ல பதில் எனக்குத் தெரியவில்லை. ‘தம்பி, சிக்னல் பழுதானால் அது தானாகச் சிவப்புக்கு வந்துவிட வேண்டும். பச்சையிலே நின்றால் அது சிக்னலே இல்லை. மனிதன் தவறுவான் என்று தெரிந்துதான் நாங்கள் வேலை செய்தோம். தவறினாலும் சாகக்கூடாது, அவ்வளவுதான்.’

அவர் துறையின் வரலாறே இதற்குச் சான்று. ஆளில்லா ரயில்வே கடவுப்பாதைகளில் விபத்து நேரும்போதெல்லாம் ‘இருபுறமும் பார்த்துக் கடக்க வேண்டும்’ என்ற அறிவுரைதான் நெடுங்காலம் தரப்பட்டது. 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்தின் குஷிநகர் மாவட்டத்தில் அத்தகைய கடவுப்பாதையொன்றில் பள்ளி வேன் மீது ரயில் மோதி 13 குழந்தைகள் இறந்தனர். 2019 ஜனவரி இறுதிக்குள் அகல ரயில் பாதைகளிலிருந்த ஆளில்லாக் கடவுப்பாதைகள் அனைத்தும் அகற்றப்பட்டுவிட்டன. அந்த ஒன்பது மாதங்களில் இந்தியர்கள் திடீரென்று ஒழுங்குள்ளவர்களாக மாறிவிடவில்லை. மாற்றப்பட்டது கடவுப்பாதை.

ஆனால் இதே எடுத்துக்காட்டு நம்மை வேறொரு விதத்தில் சுடுகிறது. 1997 நவம்பரில் டெல்லி வஜீராபாத் பாலத்திலிருந்து பள்ளிப் பேருந்து யமுனையில் விழுந்து 28 குழந்தைகள் இறந்த பின்னரே பள்ளிப் பேருந்துகளுக்கான உச்ச நீதிமன்ற நெறிமுறைகள் வந்தன. 2004இல் கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகிய பின்னரே பள்ளிக் கட்டடங்களின் பாதுகாப்பு நாடெங்கும் பேசப்பட்டது. கூட்டமாக இறந்தால் விதி மாறுகிறது. ஒவ்வொருவராக, வெவ்வேறு தெருக்களில், வெவ்வேறு காலைகளில் இறந்தால் எதுவும் மாறுவதில்லை. ஒன்றிய அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தனர். அவர்களுள் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். நாளொன்றுக்கு ஏறத்தாழ தொண்ணூறு பாதசாரிகள். அவர்கள் ஒரே பாலத்திலிருந்து விழவில்லை என்பதே அவர்கள் செய்த பிழை.

எதிர்த்தரப்பின் நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். குடியிருப்போர் கூட்டத்தில் வேகத்தடைகளை அடியோடு பெயர்த்தெறிய வேண்டும் என்றவர்கள் உண்டு. முதுகுவலி, ஆம்புலன்ஸ் தாமதம், இரவு நேர ஓசை என்று அவர்கள் சொன்ன காரணங்கள் பொய்யல்ல. முறைகெட்ட வேகத்தடை உண்மையிலேயே தீங்கு. மாற்று வழிகள் இருக்கின்றன: நடைபாதையின் மட்டத்துக்கே உயர்த்தி, இருபுறமும் மென்சரிவோடு அமைக்கும் மேடைக் கடப்பிடம், வாசலருகே சாலையின் அகலத்தைக் குறைத்தல், பள்ளி வேளையில் ஒரு காவலர். நெதர்லாந்தில் 1971இல் மட்டும் 400க்கும் மேற்பட்ட குழந்தைகள் சாலையில் இறந்தனர். அந்நாட்டுப் பெற்றோர் தெருவில் இறங்கி, ‘குழந்தைக் கொலையை நிறுத்து’ என்பதையே இயக்கத்தின் பெயராக்கிப் போராடினர். இன்று நாம் வியக்கும் அந்நாட்டுத் தெருக்களின் அமைதிக்குப் பின்னால் அந்தப் போராட்டமும் இருக்கிறது.

இவ்வளவும் எழுதிய பிறகு ஒன்றை ஒப்புக்கொள்ளாவிட்டால் இப்பதிவு நேர்மையற்றதாகிவிடும். டிசம்பரில் நானும் ஐயாவும் பள்ளி வாசலருகே சுண்ணாம்பால் 50 மீட்டர் இடைவெளியில் இரண்டு கோடுகள் இட்டு, கைப்பேசியின் நிறுத்துக் கடிகாரத்தால் வண்டிகளை அளந்தோம். நான்கு நொடியில் கடந்தால் 45 கி.மீ. வேகம். வேகத்தடைகளுக்கு இடையே, தாமதித்ததை ஈடுகட்டுவதுபோல் முடுக்கி, நான்கு நொடிக்குள் கடந்தவர்களுள் பலரை எனக்கு அடையாளம் தெரிந்தது. எங்கள் பல்கலைக்கழகத்தின் ஒட்டுவில்லை பதித்த வண்டிகள் அவை. ஒன்பது மணி வகுப்புக்கு விரையும் மாணவர்கள், பேராசிரியர்கள். நான் அன்று கோட்டருகே நின்றதால் மட்டுமே அவர்களுள் ஒருவனாக இல்லை. ஆகஸ்டில் அந்தச் சிறுமி அடிபட்ட அதே வாரத்தில், அதே இடத்தை, நூலகம் திறக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர நானும் அப்படித்தான் கடந்திருப்பேன். அந்த இளைஞருக்கும் எனக்கும் இடையிலிருந்த வேறுபாடு சில நிமிடங்கள்தாம்.

ஆகவே இந்த வேண்டுகோள் அரசுக்கு மட்டுமானதன்று. ‘இடம்’, ‘உடல்’, ‘அதிகாரம்’ பற்றிக் கருத்தரங்குகளில் உரையாற்றும் நாம் நம் வளாகத்தின் வாயிலுக்கு வெளியே உள்ள பள்ளியைப் பார்த்திருக்கிறோமா? கட்டடப் பொறியியல் துறைக்கு அது ஒரு பருவத்தின் செயல்திட்டம். சட்டத் துறைக்கு ஒரு மனு. புள்ளியியல் மாணவருக்கு முதல் தகவல் அறிக்கையில் ஏறாத காயங்களை அருகிலுள்ள மருத்துவமனைகளில் எண்ணும் ஆய்வு. சமூகவியலாளருக்கு ஒரு கேள்வி: யாருடைய பிள்ளைகள் நடக்கிறார்கள்? இதற்கு மானியம் தேவையில்லை. ஒரு சுண்ணக்கட்டியும் நான்கு காலைப் பொழுதுகளும் போதும்.

அந்தச் சிறுமி பள்ளிக்குத் திரும்பிவிட்டாள். சற்றே காலைச் சாய்த்து நடக்கிறாள். அவள் அம்மா தேய்ப்புப் பெட்டியின் கரியைத் தணித்துவிட்டு, காலையும் மாலையும் வாசல்வரை உடன் செல்கிறார். அந்த அரை மணி நேரம் அவருக்குக் கூலி இல்லாத நேரம். அது எந்த ஏட்டிலும் விபத்தாகப் பதியப்படாது.

மூன்றாவது மனு எழுதி முடிந்திருக்கிறது. வேக அளவீடுகளும், நெறிமுறைகளின் பிரிவு எண்களும், அந்த அம்மாவின் ஒப்புதலோடு சிறுமியின் மருத்துவமனைச் சீட்டின் நகலும் இணைக்கப்பட்டுள்ளன. ஐயாவின் கையொப்பத்துக்குக் கீழே இம்முறை என் கையொப்பமும் இருக்கிறது. வரும் திங்களன்று அளிக்கிறோம். ‘தீர்வு காணப்பட்டது’ என்ற குறுஞ்செய்தி மீண்டும் வந்தால், அன்று மாலையே கோடுகளுக்கு அருகே நின்று மறுபடியும் அளப்போம்.